‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ அந்த நாலு பேரை எண்ணிப் பார்த்தால்...

பெங்களூருவில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே இருக்கிறது மர்பி டவுன். பழைய பெயர் நாக்ஸ்பேட். ஒட்டி ஒட்டி வீடுகள், கண்டோன்மென்ட் காலத்திலிருந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள். நடந்து போகிற தூரத்தில் இந்திராநகரின் ஸ்டார்ட்அப் ஆபீஸ்கள். இங்கே வளர்ந்த உங்களுக்குப் பகலில் ஒரு ஊர், ராத்திரி வேறொரு ஊர். ஆபீஸில் யாரும் கேட்காத கேள்வியைத் தெருமுனையில் கேட்பார்கள்: “கல்யாணம் எப்போ?”

என்ன படிக்கலாம், எப்போது கல்யாணம், யாரோடு... இதையெல்லாம் ‘நாலு பேர்’ முடிவு செய்வது எப்படி?

படிப்பில் இந்த அழுத்தம் ஓரளவு நல்லதையே செய்திருக்கிறது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, கர்நாடகாவில் 36.2, நாடு முழுக்க 28.4. “பிள்ளை டிகிரி முடிக்கலையா?” என்ற கேள்விக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 289 நிமிடம். அதைச் செய்த ஆண்கள் 88 நிமிடம். வேலையை விடுவதா வேண்டாமா என்று ஒரு பெண் யோசிக்கும்போது, அந்த 289 நிமிடமும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது.

சமூக எதிர்பார்ப்பை ஆராயும் கிறிஸ்டினா பிக்கியேரி இதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பது. இரண்டாவது, நீங்கள் என்ன செய்யணும் என்று அவர்கள் நினைப்பதாக நீங்கள் நினைப்பது. இரண்டுமே உங்கள் தலைக்குள் இருக்கும் கணக்கு. அது தப்பாகவும் இருக்கலாம்.

சவுதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதைத் திருமணமான இளைஞர்களில் பெரும்பாலோர் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்து ஆண்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதும், மனைவியை வேலை தேடும் சேவையில் பதிவு செய்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 32 ஆனார்கள். யாருடைய மனதையும் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

அப்படியென்றால் நாலு பேர் வெறும் கற்பனையா? இல்லைங்க. பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் நேரடியாகக் கேட்டது. தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 சதவீதம். ஆண்கள் விஷயத்திலும் 62. இந்தியத் திருமணங்களில் சாதி கடந்தவை சுமார் 5 சதவீதம்தான் என்கிறது 2011-12 மனித மேம்பாட்டு ஆய்வு. வேலை, வெளியூர், தனியாகத் தங்குவது போன்றவற்றில் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பு நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். சாதி விஷயத்தில் அந்த நம்பிக்கையோடு மட்டும் இறங்காதீர்கள். அங்கே நாலு பேர் நிஜம்.

சட்டம் எங்கே நிற்கிறது? 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. நீங்கள் பெங்களூருவில் விண்ணப்பித்தாலும், நிரந்தர முகவரி வேலூர் என்றால் அந்த மாவட்ட அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். நாலு பேரைச் சட்டமே கூப்பிட்டுச் சொல்வது மாதிரிதான். ஆனால் ஆட்சேபத்துக்கான காரணங்கள் குறைவு: வயது, ஏற்கெனவே துணை உயிரோடிருப்பது, மனநிலை, தடை செய்யப்பட்ட உறவுமுறை. பெற்றோர் சம்மதம் அதில் இல்லை.

துணையைத் தேர்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதே ஆண்டு சக்தி வாஹினி தீர்ப்பில், மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் புகாரில் இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.