தந்தையின் சட்டைப்பையும் தாயின் கைப்பையும்

ஏழையின் பிள்ளை பசித்திருந்தால், விதி என்பர் ஒரு சாரார். முன்வினை என்பர் மற்றொரு சாரார். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வீட்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார் இங்கிலாந்திலே ஒரு பெண்மணி: எலினார் ராத்போன். பிள்ளை ஒன்றானாலும் ஆறானாலும் தந்தைக்குக் கூலி ஒன்றுதானே! குறையைத் தாங்குவது பிள்ளைகளின் வயிறல்லவா? ஆகவே, அரசே தாயின் கையில் பணம் தருக என்று 1924-இல் நூலெழுதி வாதாடினார். 1945-இல் சட்டம் வந்தது. இரண்டாம் பிள்ளை முதல், வாரம் 5 ஷில்லிங். தந்தைக்கே தொகை என்றிருந்த மசோதாவை எதிர்த்துப் போராடி, தாய்க்கென்று மாற்றச் செய்தவரும் அவரே. 1946 ஆகஸ்டில் தாய்மார் முதல் தொகையைப் பெற்றபோது அவர் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

சட்டம் பிறந்தால் போதுமா? காவல் வேண்டாமா? அந்தக் காவலுக்கு 1965-இல் எழுந்தது குழந்தை வறுமை ஒழிப்புச் செயற்குழு. சிறிய அறநிறுவனம். படையில்லை, பணமில்லை, புள்ளிவிவரம் இருந்தது!

முதற்பிள்ளைக்கும் தொகை உண்டு, தந்தைக்குத் தந்த வரிச்சலுகை நீங்கும், பணம் தாயிடம் சேரும் என்றது 1975-ஆம் ஆண்டுச் சட்டம். 1976 மே மாதம், காலகனின் தொழிற்கட்சி அரசு அதைக் கிடப்பில் போட்டது. ஆடவரின் சம்பள உறை மெலியுமாம், சங்கங்கள் சீறுமாம்! தொழிலாளர் பெயரால் அமைந்த ஆட்சி, தொழிலாளியின் மனைவியை மறந்தது.

ஜூன் மாதம் வெடித்தது செய்தி. செயற்குழுவின் இயக்குநர் ஃபிராங்க் ஃபீல்டு, அமைச்சரவையின் மறைதாள்களை ஆதாரமாக்கி 'நியூ சொசைட்டி' வார ஏட்டில் எழுதினார். கட்சி உறுப்பினர் அஞ்சுகின்றனர் என்று சங்கத் தலைவர்களிடமும், சங்கங்கள் எதிர்க்கின்றன என்று அமைச்சர்களிடமும் கூறிய தந்திரம் அம்பலமாயிற்று. காவல்துறை துருவியும், தாள் தந்தவர் அகப்படவில்லை. அன்று இளம் அலுவலராயிருந்து பின்னர் அமைச்சரான மால்கம் விக்ஸ்தான் அவர் என்பதை, 2012-இல் அவர் மறைந்தபின் வெளியான தன்வரலாறு கூறிற்று.

அரசு பணிந்தது. 1977 ஏப்ரலில் முதற்பிள்ளைக்கும் தொகை கிடைத்தது. 1979 ஏப்ரலில் பிள்ளைக்கு வாரம் 4 பவுன் ஆயிற்று.

வெட்டுக் கத்தி உறையிலேயே உறங்கவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான உதவி இரு பிள்ளைகளுக்கு மட்டுமே என்ற வரம்பு 2017-இல் வந்தது. அதே செயற்குழு வழக்காடி, 2021-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது, தோற்றும் ஓயவில்லை. 2026 ஏப்ரல் முதல் அவ்வரம்பு நீங்கும் என்று 2025 நவம்பரில் அரசே அறிவித்தது.

இளைஞர்களே! வள்ளல் தருவது பிச்சை. சட்டம் தருவது உரிமை. பிச்சை கேட்பவன் கையேந்துவான். உரிமை காப்பவன் கணக்கேந்துவான்!