பிரிதிறனும் மேசையும்: ஒரு விளிம்பின் வரலாறு

2013இல் வாசுதேவநல்லூரில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. லெட்டர்பிரஸ் காலத்தில் அச்சுக் கோத்தவர். அச்சகம் மூடி வருஷங்கள் ஆகியிருந்தன, கண்ணும் மங்கியிருந்தது. தமிழ் எம்.ஏ. படிக்கையில் அரசு எனக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியில், தன் அச்சக நாட்களைப் பற்றித் தானே தட்டச்சு செய்வதாகச் சொல்லி உட்கார்ந்தார். எழுத்து பொடிசாகத் தெரிகிறது என்றார். யாரோ ஒரு பையன் வந்து 1366×768 என்றிருந்த திரையை 800×600 ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். எழுத்து பெரிசானது. ஆனால் எந்த அமைப்பைத் திறந்தாலும் பெட்டியின் கீழ்ப்பாதி கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “தம்பி, எல்லாம் இருக்கு. சரிங்கற பொத்தானத்தான் காணோம்.”

‘சரி’ காணாமல் போகவில்லை. இயந்திரத்தின் நினைவில் அது இருந்தது. அவர் சம்மதம் சொல்வதற்கான இடம் மட்டும் விளிம்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. மையம், விளிம்பு என்று நாம் கட்டுரைகளில் நிறைய எழுதிவிட்டோம். இந்த விளிம்பை யார் வரைந்தது என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தோன்றியது.

நம்முடைய இயற்பியல் பாடப்புத்தகம் ‘பிரிதிறன்’ என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் திறன். கணினித் திரைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கு இது நூலறிவு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, எழுத்தறிவு சம்பந்தப்பட்டது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. ‘க’வுக்கும் ‘க்’குக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் சி.ஜி.ஏ. அட்டை ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய கட்டம் எட்டுக்கு எட்டு, அதாவது அறுபத்துநாலு புள்ளி. ஆங்கில எழுத்து அதற்குள் கால் நீட்டி உட்காரும். நம்முடைய ‘ணூ’வையும் ‘ஞௌ’வையும் அங்கே உட்காரச் சொன்னால்? 1987இன் வி.ஜி.ஏ. 640×480 வந்த பிறகுதான் தமிழின் சுழிகளுக்குக் கொஞ்சமாவது மூச்சுவிட இடம் கிடைத்தது எனலாம்.

ஓலைச்சுவடியில் புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்று எழுதாமல் விட்டார்கள், பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு எழுத்தும் மெய்யா உயிர்மெய்யா என்று முட்டிமோதினார்கள். அது நமக்குப் பழகிய வரலாறு. மங்கலான திரையில் புள்ளி மறைவதும் அதே வகைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பனை ஓலை நம் எழுத்தை ஒடுக்க வேண்டும் என்று யாரும் தீர்மானித்து வளரவில்லை. அறுபத்துநாலு புள்ளி போதும் என்பது ஓர் அறையில், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எடுத்த தீர்மானம். அவர்கள் முன் இருந்தது ஆங்கிலம்.

இங்கே நம்மவர்களுடைய விவாதமும் ஒன்று நுழைகிறது. பெரியார் 1935இலேயே ‘குடிஅரசி’ல் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு ணா, றா, னா, ணை, னை, லை, ளை முதலானவற்றை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. பெரியாரின் வாதம் குழந்தையையும் அச்சுக்கூடத்தையும் கண்முன் வைத்தது. எழுத்தைப் புனிதம் என்பவர்களை நோக்கி வைக்கப்பட்டது. அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பின்னால் வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் உகர, ஊகார வரிசையையும் மாற்றலாம் என்றபோது நடந்த விவாதத்தில், ‘கணினிக்கு ஏற்றபடி’ என்கிற தொடர் பலபேர் வாயில் புழங்கிற்று. கணினிக்கு எது ஏற்றது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருந்தது. திரையின் புள்ளிகள் பெருகப் பெருக அந்த வாதத்தின் கால் தானாகவே தேய்ந்துவிட்டது. இயந்திரத்தால் முடியாது என்று நாம் நம்பியது பெரும்பாலும், அதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விதான்.

காசுக் கணக்கைச் சொல்கிறேன், கணக்கு எளிது. 90களின் சாதாரண வீடியோ அட்டையில் ஒரு மெகாபைட் நினைவு, அதாவது 10,48,576 பைட். 256 நிறம் போதுமென்றால் ஒரு புள்ளிக்கு ஒரு பைட். 640×480 திரைக்கு 3,07,200 பைட் போதும். மிச்சம் சும்மா கிடக்கும். அதை வீணாக்காமல், கண்ணாடியில் தெரிவதைவிடப் பெரிய ஒரு திரையை நினைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று யோசித்தார்கள். 1984இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் சாளர முறைமையை 90களின் தொடக்கத்தில் ஏழைகளின் பி.சி.க்குக் கொண்டுவந்த எக்ஸ்ஃப்ரீ86இல், அமைப்புக் கோப்பில் ‘வெர்ச்சுவல்’ என்று ஒரு வரி எழுதி 1152, 900 என்று இரண்டு எண்ணைக் கொடுத்தால் போதும். பெருக்கிப் பாருங்கள்: 10,36,800. ஒரு மெகாபைட்டுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. கண்ணாடி சிறிசு, மேசை பெரிசு. சுட்டியை விளிம்புக்குக் கொண்டுபோய் இடித்தால் திரை நகர்ந்து, மறைந்திருந்த பக்கம் வெளியே வரும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எண்பலகையின் கூட்டல் குறியைத் தட்டினால் பிரிதிறன் மாறும், மேசையின் அளவு மாறாது. தவறான அலைவெண்ணைக் கொடுத்துப் பழைய குழாய்த் திரையைக் கெடுத்துக்கொள்ளலாம் என்ற பயமும் கூடவே இருந்தது.

மேசையின் அளவையே ஓடும்போது மாற்றும் ஏற்பாட்டை 2001இல் ஜிம் கெட்டிசும் கீத் பேக்கார்டும் முன்வைத்தார்கள். அதற்கு எக்ஸ்ரேண்டர் என்று பெயர். விளிம்பை இடித்தால் நகரும் அந்தப் பழைய வசதி இதற்குள் முறையாகத் திரும்பி வர 2009 ஆயிற்று. இதற்கிடையே பெரிய திரை மலிவாகிவிட்டதால் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. பெரிய திரை யாருக்கு மலிவு என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அது போகட்டும், அதென்ன ‘மேசை’? தமிழாக்கம் செய்த நண்பர்கள் மேல்மேசை, பணிமேடை, மேசைத்தளம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சொல்லைப் பற்றிச் சண்டை போட்ட நாம், பொருளைப் பற்றிப் போடவில்லை. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் செய்த ஆல்டோ கணினியின் திரை 606×808, நெட்டுக்குத்தானது. அமெரிக்க அலுவலகக் கடிதத் தாளின் வடிவம் அது. 1981இல் அதே நிறுவனத்தின் ஸ்டார் அதன் மேல் கோப்பு, உறை, தபால்தட்டு எல்லாம் பரப்பி அலுவலக மேசையாக்கியது. மேசை போதவில்லை என்று 1986இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெண்டர்சனும் கார்டும் ‘அறைகள்’ என்ற பெயரில் பல மேசைகளைக் கட்டினார்கள். மேசை, பிறகு அறை. ஒரு குமாஸ்தாவின் கனவு விரிகிற வரிசை இது. எங்கள் ஊர்க் கடைகளின் பழைய கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு, சாய்வான பெட்டியின் மேல் நோட்டை வைத்து எழுதியவர். அவருடைய மேசை அவர் மடிமேல் இருந்தது. மடிக்கணினி என்று நாம் பெயர் வைத்தோமே, அதில் தெரிந்தோ தெரியாமலோ அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மடிக்கணினியோடு வந்தவற்றையும் சொல்ல வேண்டும். என்னுடையதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் ஏழைகளுக்கென்று குறைத்துக் கொடுத்த பதிப்பு. அதில் மேசையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது, இரண்டாவது திரையையும் விரித்துக்கொள்ள முடியாது. தொழில்நுட்பக் காரணம் ஒன்றுமில்லை. கொடுத்தவன் வரைந்த கோடு, அவ்வளவுதான். பாஸில் அந்தக் கோடு கிடையாது. அண்ணாச்சி தமிழ் இடைமுகம் வேண்டுமென்று பாஸைத்தான் எடுத்துக்கொண்டார்.

அங்கேதான் ‘சரி’ தொலைந்தது. மேலே இகரத்தின் விசிறியும், கீழே உகரத்தின் காலும் இருப்பதால் தமிழ் வரிக்கு ஆங்கில வரியைவிட உயரம் அதிகம். ‘விருப்பத்தேர்வுகள்’ போன்ற சொற்கள் மடங்கி அடுத்த வரிக்கும் போகும். ஆங்கிலத்தில் அளந்து கட்டிய பெட்டி தமிழில் வளர்ந்துவிடுகிறது. வளர்ந்த பெட்டி 600 புள்ளிக்குள் அடங்கவில்லை. கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கிய நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. இரவு கண்விழித்துச் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. சொற்களை மொழிபெயர்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. பெட்டியை மொழிபெயர்க்க இல்லை.

அந்தப் பையன் செய்ததும் தவறான வைத்தியம். குழாய்த் திரை எந்த அளவையும் ஒருமாதிரி ஏற்றுக்கொள்ளும். எல்.சி.டி.க்குப் பிறவிக் கட்டம் ஒன்றுதான். அதில் 800×600ஐத் திணித்தால் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, பெரிசான எழுத்தே கலங்கிப்போகும். திரையைத் தொடாமல் எழுத்துருவின் அளவைத்தான் கூட்டியிருக்க வேண்டும். எனக்கே அது அன்றைக்குத் தெரியாது. நான் படித்துவைத்திருந்தபடி, 800×600 கண்ணாடிக்குப் பின்னால் 1366×768 மேசையை எக்ஸ்ரேண்டர் கட்டளையில் விரித்துக் கொடுத்தேன். அண்ணாச்சி சுட்டியைக் கீழே இழுத்தார். திரை மெல்ல மேலே நகர்ந்தது, ‘சரி’ வந்தது. அமுக்கினார்.

இரண்டு நாள் அப்படியே தட்டச்சு செய்தார். மூன்றாம் நாள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பக்கம் கைக்கு நிற்காமல் ஓடுகிறது, தலை சுற்றுகிறது என்றார். “ஈயத்துல கோத்தா எழுத்து தலைகீழாத்தான் இருக்கும் தம்பி. ஆனா வச்ச இடத்துல இருக்கும்.” அவர் அடித்தது நாலரைப் பக்கம். அதில் பல இடங்களில் ‘ண’வும் ‘ன’வும் மாறிக் கிடக்கின்றன. நாற்பது வருஷம் எழுத்தை விரலால் தடவியே இனம் கண்டவர் அவர். அந்தக் கோப்பை நான் இன்னும் திருத்தவில்லை.