பெண்யானை நடந்த எல்லை

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக, கொடுத்தான். வாங்கிக்கொண்டது ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் எழுப்பிய சூடாமணி புத்த விகாரம். கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். 21 ஏடுகள். டச்சுக்காரர்கள் கடல்தாண்டிக் கொண்டுபோய், அது லெய்டன் நகரில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வரலாற்றுக்காரர்கள் அதில் முதலில் தேடுவது சோழர் வம்சாவளியை. நான் நாகை, கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற நில அளவன். எனக்கு வம்சாவளி தூக்கம் வரவைக்கும். எல்லை சொல்லும் பகுதிக்கு வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

அந்தக் காலத்தில் ஒரு ஊரைத் தானம் கொடுத்தால் எல்லையைச் சுற்றி ஒரு பெண்யானையை நடத்தினார்கள். அதிகாரிகளும் பக்கத்து ஊரார்களும் கூடவே நடந்தார்கள். எல்லையில் கல் நட்டார்கள், கள்ளி நட்டார்கள். சடங்கு என்று சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யானை நடப்பதை யாராலும் ஒளிக்க முடியாது. வேடிக்கை பார்க்க வந்த சிறுவன் அறுபது வருடத்துக்குச் சாட்சி. இப்போது அளப்பதற்கு முன் அண்டை நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கிறோம். வருவது பாதிப்பேர். கல் நட்ட மறுவாரம் மீதிப்பேர் வந்து பிடுங்குகிறார்கள்.

சரி, யானை சுற்றிவந்த கோட்டுக்குள் கொடுக்கப்பட்டது என்ன? மண் என்று நினைத்தால் தப்பு. ஆனைமங்கலம் அந்தக் கால நில அளவில் 97 வேலிச் சொச்சம். அதிலிருந்து வரவேண்டிய காணிக்கடன் என்ற நிலவரி 8,943 கலத்துச் சொச்சம் நெல். அரசனுக்குப் போகவேண்டிய அந்த நெல்தான் விகாரத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. உழுகிறவர்கள் என்ன ஆவார்கள் என்பது கொடைக்குக் கொடை மாறும். கோயில் கொடைகளில் குடிநீங்காத் தேவதானம் என்றும் உண்டு, குடிநீக்கிய தேவதானம் என்றும் உண்டு. ஓலை எழுதுகிறவனுக்குச் சில எழுத்து வித்தியாசம், உழுகிறவனுக்கு வீடுவாசல்.

நெல்லோடு கூட அனுமதிகளும் கொடுத்தார்கள். தானச் செப்பேடுகளில் எனக்கு அலுக்காத இடம் இதுதான். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், பெரிய செக்கு போடலாம், செங்கழுநீர் நடலாம், தென்னையில் கள் இறக்குகிறவர் ஏறக்கூடாது. இதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள் என்றால் எழுதிக் கொடுக்காத இடத்தில் நிலைமை என்ன? சாதாரணக் குடியானவனால் தன் கொல்லையில் மாடி எழுப்பிவிட முடியாது. ‘என் இடம், என் இஷ்டம்’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஒரே வயலில் அரசனுக்கு ஒரு பங்கு, கொடை பெற்றவருக்கு ஒரு பங்கு, உழவுரிமை கொண்ட காராண்மைக்காரனுக்கு ஒரு பங்கு, வாய்க்காலுக்கு வழி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி விதிக்கும்முன் கழிக்கவேண்டியவற்றைச் சொல்கின்றன: ஊர்நத்தம், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு, ஊடே போகும் வாய்க்கால். எங்கள் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டின் புறம்போக்குப் பக்கத்தைப் புரட்டுவது போலவே இருக்கும். நாற்று நட்ட சேரிக்காரர் அந்தக் கணக்கில் கழிக்கப்பட்ட பரப்பாக மட்டுமே வருகிறார். பேர் இல்லை.

பிற்காலத்தில் மிராசு என்ற பரம்பரைப் பங்குரிமை இருந்த தஞ்சை ஊர்கள் பலவற்றில் வயல் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை, பங்குதான் சொந்தம். கரையீடு என்று சில வருடங்களுக்கு ஒருமுறை நிலத்தைப் பங்காளிகளுக்குள் மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள். சென்ற போகம் நீ உழுத மேட்டுவயல் அடுத்த முறை என் தலையில் விழும்.

இதை மாற்றியது வெள்ளைக்காரனின் பதிவேடு. அதிகாரி மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், எண்ணுக்கு நேராக ஒரு பேர், ஒரு தீர்வை. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் பழைய கொடை நிலங்களைச் சோதித்து, ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் கட்டச் சொல்லி உரிமைப் பட்டயம் கொடுத்தது. மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்த வயலில் ஒருவருக்கு மட்டும் நாற்காலி மிஞ்சியது. உழுதவனின் பங்கைச் சட்டம் திரும்ப எட்டிப்பார்க்க 1952இன் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது 1969இல். இனாம்களை ஒழித்த சட்டங்கள் அதற்கு ஆறு வருடம் முந்தியவை.

இன்று ஐந்து சென்ட் மனை வாங்குகிறவர் நான்கு மூலையிலும் கல் நட்டுக் கம்பிவேலி போட்டதும், உள்ளே தன் ராஜ்யம் என்று நம்புகிறார். மாடி கட்ட வரைபட அனுமதி வேண்டும். சொந்த வயலில் சவுடு மண் வெட்டி விற்கக் கனிமவளத் துறையின் சீட்டு வேண்டும். ஆனைமங்கலத்துக் காலத்தில் இந்த அனுமதிகளை நிலத்தோடு சேர்த்து ஒரே செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பட்டாவில் அவற்றுக்குப் பத்தி இல்லை; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம்.