வெல்லமா, சோப்புத்தூளா?

போன வருடம் எங்கள் மாடிக்குத் தளம் போட்டார்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, கம்பிக்குள் இறங்கவில்லை என்று கொத்தனார் ஒரு பாக்கெட் சோப்புத்தூள் கேட்டார். பாட்டி விடுவாரா? "சோப்பு எதுக்கு தம்பி, வெல்லத்தண்ணி ஊத்துங்க. அந்தக் காலத்துக் கோட்டையே நிக்குதே!" பி.காம் படிக்கும் எனக்கு இரண்டுமே புரியவில்லை. பிறகு தேடிப் படித்ததுதான் இது. (சிவில் நண்பர்கள் மெதுவாகத் திட்டவும்.)

பாட்டி சொன்னது சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி நிற்கும் செங்கல் கட்டடம். அந்தக் காலம் சுண்ணாம்புக் காலம். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். ஆங்கிலேயர்கள் வியந்த 'மெட்ராஸ் சுண்ணாம்பு' பூச்சில் முட்டை வெள்ளை, தயிர், நெய் எல்லாம் உண்டு. (சமையலறையே காலி!) 2012-ல் தீப்பிடித்த சேப்பாக்கம் கலச மகாலைப் பின்னாளில் சீரமைத்தபோதும் கடுக்காயும் வெல்லமும் வந்தன.

சுண்ணாம்புக்கு இது பொருந்தும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மாதக்கணக்கில் மெல்ல இறுகுவது. வெல்லம் சேர்த்தால் தண்ணீர் குறைவாக இருந்தாலும் சாந்து வழுவழுப்பாக வரும்.

சிமெண்ட் வேறு ஜாதி. தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகும். சர்க்கரை அந்த வினையையே தடுத்துவிடும். 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம் போட்டாலே சுமார் 4 மணி நேரம் தாமதம். 100 கிராமைத் தாண்டினால் கிட்டத்தட்ட இறுகவே இறுகாது. ஒரு அச்சு வெல்லம் போதும், தளம் போச்சு!

சரி, சோப்புத்தூள்? நுரை வரும், கலவை இளகும். ஆனால் நுரை என்பது காற்று. கான்கிரீட்டில் 1 சதவீதம் காற்று கூடினால் வலிமை சுமார் 5 சதவீதம் குறையும். வெறும் தண்ணீரை ஊற்றினாலும் நஷ்டம்தான். தண்ணீர் ஏற ஏற வலிமை இறங்கும் என்று அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம்: தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் 'சூப்பர் பிளாஸ்டிசைசர்' 1960-களில் ஜப்பானில் வந்தது. கண்டுபிடித்தது காவோ சோப்பு கம்பெனி! கொத்தனார் கடையைச் சரியாகத்தான் பிடித்தார், பாக்கெட்தான் மாறிப்போனது.

அன்று அப்பா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிசைசர் கேன் ஒன்று வாங்கிவந்து, டப்பாவில் போட்டிருந்த அளவுப்படி ஊற்றச் சொன்னார். வெல்லம், தளம் போட்டவர்களுக்குப் பாயசமானது.