தரையை யார் துடைப்பது? கடைவாசல் மறியலின் வரலாறும் நனிசைவப் போராட்டமும்

2022 அக்டோபர் 15 அன்று லண்டன், மான்செஸ்டர், நார்விச், எடின்பரோ ஆகிய நகரங்களில் சில பெரிய அங்காடிகளுக்குள் இளைஞர்கள் நுழைந்தனர். அடுக்குகளில் இருந்த பால் குப்பிகளைத் திறந்து தரையில் கொட்டினர். அனிமல் ரெபெல்லியன் என்னும் அமைப்பைச் சேர்ந்த அவர்கள், தாவர உணவை அடிப்படையாகக் கொண்ட வேளாண்மைக்கு நாடு மாறவேண்டும் என்று கோரினர். காணொளிகள் உடனே பரவின. அவற்றுக்கு எழுந்த எதிர்வினைகளில் பசுவும் கன்றும் குறைவாகவே இடம்பெற்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது மிக எளிய ஒரு கேள்வி: இந்தத் தரையை யார் துடைப்பது? அந்த மாதம் பிரிட்டனில் பணவீக்கம் 11.1 விழுக்காட்டை எட்டியிருந்தது. 41 ஆண்டுகளில் அதுவே உச்சம். பால் வாங்கவே கணக்குப் பார்த்த மக்களுக்கு, கொட்டப்பட்ட பாலும் அதைத் துடைத்த ஊழியரும்தான் கண்ணில் பட்டனர்.

இந்த எதிர்வினையை இறைச்சியும் பாலும் உண்போரின் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கடையைப் போராட்டக் களமாக்கும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், பொதுமக்கள் கேட்ட கேள்வி ஆழமானது என்பது புலப்படும்.

1791 ஏப்ரலில் அடிமை வாணிபத்தைத் தடைசெய்யக் கோரிய வில்பர்ஃபோர்ஸின் முன்மொழிவை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 163-க்கு 88 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தது. அதே ஆண்டு வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய சிறு நூல், அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைக் கைவிடுமாறு மக்களிடம் கோரியது. மூன்று லட்சம் பேர் அவ்வாறு கைவிட்டதாக தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். ஹேவர்ஹில் என்னும் சிற்றூரின் வணிகர் ஜேம்ஸ் ரைட், அடிமை உழைப்பின் கறை நீங்கிய சர்க்கரை கிடைக்கும்வரை அப்பொருளை விற்கப்போவதில்லை என்று 1792-இல் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார். லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் 1824-இல் உடனடி அடிமை விடுதலை கோரி நூல் எழுதியதோடு நில்லாமல், ஊரின் மளிகைக் கடைக்காரர்களிடம் நேரில் சென்று அச்சர்க்கரையை விற்காதிருக்க வேண்டினார். இவ்வியக்கத்தில் முதலில் இழந்தவர் போராடியவரே. தம் தேநீர்க் கோப்பையின் இனிப்பைத் துறந்த பிறகே அவர் அடுத்தவர் கதவைத் தட்டினார். கடைக்காரர் எதிரியாகக் கருதப்படவில்லை. மனம் மாறக்கூடியவராகவே அணுகப்பட்டார்.

அதே லெஸ்டரில் வாழ்ந்த மரவேலை ஆசிரியர் டொனால்ட் வாட்சன், 1944 நவம்பரில் சில நண்பர்களோடு வீகன் சங்கத்தைத் தொடங்கினார். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் ஒட்டி உருவானது ‘வீகன்’. பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து பெறும் எதையும் ஏற்காத இக்கொள்கையைத் தமிழில் நனிசைவம் என்கின்றனர். ஹெய்ரிக்கின் சர்க்கரை மறுப்புக்கும் வாட்சனின் பால் மறுப்புக்கும் அடிப்படைத் தர்க்கம் ஒன்றே: பொருளை வாங்குபவர் அதன் பின்னுள்ள வன்முறைக்கும் பங்காளி ஆகிறார். தொடக்ககால நனிசைவர்கள் இத்தர்க்கத்தைத் தம் சமையலறைக்குள்ளேயே நடைமுறைப்படுத்தினர்.

பொருளைத் துறப்பதிலிருந்து கடையைத் தாக்குவதற்கான நகர்வு வேறொரு மரபிலிருந்து வந்தது. 1912 மார்ச் 1 அன்று வாக்குரிமை கோரிய பெண்கள் லண்டனின் மேற்கு முனையில் பெருங்கடைகளின் கண்ணாடிகளைச் சுத்தியலால் உடைத்தனர். அவற்றுள் சில, அப்பெண்களின் இதழுக்கே விளம்பரம் தந்துவந்த கடைகள். வணிகர்களும் செய்தித்தாள்களும் கொதித்தெழுந்தனர். இன்று அப்பெண்கள் சிலைகளாக நிற்கின்றனர். ‘அன்று நீங்கள் அவர்களையும் வெறுத்திருப்பீர்கள்’ என்பது இன்றைய போராட்டக்காரர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பொது நினைவில் தங்கியவை கண்ணாடிகள் மட்டும் அல்ல. சிறையும் உண்ணாநோன்பும் குழாய்வழி வலிந்து ஊட்டப்பட்ட உணவும் சேர்ந்தே நினைவில் தங்கின. உடைத்தவர்கள் அதற்கான விலையைத் தம் உடலால் செலுத்தினர்.

1976-இல் பிரிட்டனில் உருவான விலங்கு விடுதலை முன்னணி இவ்விரண்டாம் மரபின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1984-இல் மார்ஸ் மிட்டாய்களில் நஞ்சு கலந்திருப்பதாக அறிவித்து, கடைகள் அவற்றை அகற்றிய பின் அது பொய்யென ஒப்புக்கொண்டது. 1987-இல் விலங்குத் தோலாடை விற்றதற்காக டெபென்ஹாம்ஸ் நிறுவனத்தின் மூன்று கிளைகளில் தீப்பற்றவைக்கும் கருவிகள் வைக்கப்பட்டன; லூட்டன் கிளை பெரும் சேதமடைந்தது. விலங்குகளின் துன்பம் குறித்துப் பொதுமக்களிடம் பரிவு வளர்ந்துவந்த காலம் அது. எனினும் விவாதம் விலங்கை விட்டு விலகி, அச்சுறுத்தலின் மீது குவிந்தது.

அண்மைக் காலத்தில் மோதலின் வடிவம் மென்மையாகியுள்ளது. ஆனால் கடை சிறிதாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், நல்லமுறையில் வளர்க்கப்பட்ட விலங்குகளின் இறைச்சியை மட்டுமே விற்பதாகக் கூறிய சிறு கடை ஒன்றின் முன் 2017-இல் தொடர்ந்து ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அவற்றை நிறுத்தவேண்டுமானால், விலங்கைக் கொல்வது அநீதி என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைச் சாளரத்தில் தொங்கவிடவேண்டும் என்பது நிபந்தனை. கடைக்காரர்கள் இணங்கினர், அதே மூச்சில் அது மிரட்டிப் பெற்ற இணக்கம் என்றும் கூறினர். தன் தொழிலையே குற்றம் என்று சொல்லும் பலகையின் கீழ் அவர்கள் இறைச்சி விற்றனர். பலகை மாட்டப்பட்டது, மனம் மாறியதற்கு எந்த அறிகுறியும் இல்லை. 2018-இல் பிரான்சில் இறைச்சிக்கடைகளின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டு, போலிக் குருதி தெளிக்கப்பட்டபோது, இறைச்சிக்கடைக்காரர்களின் கூட்டமைப்பு உள்துறை அமைச்சரிடம் பாதுகாப்புக் கோரிக் கடிதம் எழுதியது. இறைச்சித் தொழிலின் சிறிய கண்ணி, நாட்டின் பார்வையில் பாதிக்கப்பட்ட தரப்பாக மாறியது.

சமூக உளவியல் இம்மனநிலையின் இரு அடுக்குகளைக் காட்டியுள்ளது. மின்சன், மோனின் ஆகியோரின் 2012 ஆய்வில், மரக்கறி உண்போர் தம்மை எவ்வாறு மதிப்பிடுவர் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கச் செய்யப்பட்ட இறைச்சி உண்போர், அவர்களைக் கூடுதலாக இழித்துரைத்தனர். அதாவது, யாரும் வாய் திறக்கும் முன்னரே தீர்ப்பளிக்கப்படும் அச்சம் வெறுப்பைத் தூண்டிவிடுகிறது. இதற்குப் போராட்டக்காரர் பொறுப்பல்லர். மற்றொரு அடுக்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் வழிமுறையைச் சார்ந்தது. ஃபைன்பெர்க்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, தீவிர வழிமுறைகள் கவனத்தை ஈர்த்தாலும், பார்ப்போர் போராட்டக்காரரோடு தம்மை இனங்காண்பதைக் குறைத்து, ஆதரவையும் குறைக்கின்றன என்று காட்டியது. 2022-இல் சிம்ப்சன், வில்லர், ஃபைன்பெர்க் ஆகியோர் இதற்கு ஒரு முக்கியமான திருத்தம் சேர்த்தனர்: தீவிர வழிமுறையைக் கையாளும் பிரிவு ஒன்று இருக்கும்போது, அதே இயக்கத்தின் மிதவாதப் பிரிவு நியாயமானதாகத் தோன்றி ஆதரவு பெறக்கூடும். ஆகவே பால் கொட்டியவர் வெறுக்கப்பட்டதனால் அவரது நோக்கம் தோற்றது என்று முடிவுகட்ட இயலாது. நோக்கம் பிழைக்கலாம், ஆனால் துடைப்பத்தை ஏந்திய ஊழியரின் கணக்கு இவ்வாய்வுகளில் இடம்பெறுவதில்லை. அக்கணக்கைத் தீவிரமாக விவாதித்த ஒரு நாடு இந்தியா.

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம் நிறைவேறியது. மாணவர்கள் துணிக்கடைகளின் வாசலில் நின்றனர். வேண்டுகோளாகத் தொடங்கியது பல இடங்களில் வற்புறுத்தலாகவும் சமூக விலக்காகவும் மாறியது. மலிவான அந்நியத் துணியை விற்றும் உடுத்தியும் வாழ்ந்த ஏழைகள், அவர்களுள் பெரும்பகுதி கிழக்கு வங்கத்து முஸ்லிம் உழவர்கள், அதன் சுமையைத் தாங்கினர். சுமித் சர்க்காரின் வங்கச் சுதேசி இயக்க ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்துள்ளது. 1916-இல் நூலாக வந்த தாகூரின் ‘கரே பைரே’ நாவலின் மையச் சிக்கலும் இதுவே. தன் சந்தையிலிருந்து அந்நியப் பொருளை விலக்க நிகில் மறுக்கிறான்; அவனும் சுதேசியை நேசிப்பவன்தான். அவனது மறுப்புக்குக் காரணம், இழப்பு பஞ்சு போன்ற ஏழைச் சிறுவணிகன் தலையில் விழும் என்பது. பால் கொட்டப்பட்ட தரையைப் பற்றிய கேள்வியை வங்கம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டது.

காந்தி இப்படிப்பினையை ஓர் ஒழுங்குமுறையாக மாற்ற முயன்றார். 1930 ஏப்ரலில் மதுக்கடை, அந்நியத் துணிக்கடை மறியலைப் பெண்களிடம் ஒப்படைக்க விரும்பினார். அது மிரட்டலாகாமல் மன்றாடலாக நிற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஈரோட்டில் 1921-இலேயே அதற்கு முன்னுதாரணம் இருந்தது. கள்ளுக்கு எதிராக ஈ.வெ.ராமசாமி தம் தோப்பின் தென்னைகளையே வெட்டினார். அவர் சிறை சென்றபின் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலைத் தொடர்ந்தனர். 1930 டிசம்பர் 12 அன்று பம்பாயில் அந்நியத் துணி ஏற்றிய லாரியை மறித்த ஆலைத் தொழிலாளி பாபு கேனு அதன் சக்கரத்தின் கீழ் உயிர்விட்டார். 1931 மார்ச் 5 அன்று கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம் மறியலை அனுமதித்து, எல்லையும் வகுத்தது: வற்புறுத்தல், அச்சுறுத்தல், பகைமை காட்டுதல், பொதுமக்களுக்கு இடையூறு ஆகியவை கூடா.

அதே ஆண்டு நவம்பர் 20 அன்று காந்தி லண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் உரையாற்றினார். மாடுகளைக் கறப்பதில் நிகழும் கொடுமையை அறிந்து 1912-இல் பாலைத் துறந்தவர் அவர். 1919-இல் நோயினால் ஆட்டுப்பாலை ஏற்க நேர்ந்ததைத் தம் தோல்வியாகவே கருதியவர். நனிசைவத்தின் முன்னோடி என்று கருதத்தக்க அவர் அன்று சொன்னது, பிறரை மாற்ற விரும்புவோருக்குப் பொறுமையும் பணிவும் வேண்டும் என்பதே.

இன்றைய இந்தியாவில் இறைச்சிக்கடையின் வாசலில் நிற்பதற்கு மேற்கில் இல்லாத ஒரு பொருளும் உண்டு. பிரிட்டனில் நனிசைவர் ஒரு சிறுபான்மை. பெரும்பான்மையின் உணவை எதிர்த்துப் பேசுபவர். இங்கோ உணவு விலக்கு, சாதிப் படிநிலையோடும் மதப் பெரும்பான்மையோடும் பிணைந்தது. சமணரின் பர்யூஷண் நாள்களில் அகமதாபாத் இறைச்சிக்கூடங்களை 9 நாள் மூடியதை உச்சநீதிமன்றம் 2008-இல் ஏற்றது. 2015-இல் மும்பையில் இதே விழாவை ஒட்டிய இறைச்சி விற்பனைத் தடை பெரும் சர்ச்சையானபோது உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கடையை மூடச் சொல்லும் குரல் இங்கு பெரும்பாலும் அதிகாரத்தின் பக்கமிருந்தே ஒலித்துவந்துள்ளது. அக்கடையை நடத்துபவரோ பெரும்பாலும் முஸ்லிம் அல்லது பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர். விலங்கின் மீது உண்மையான பரிவோடு அங்கே நிற்கும் நனிசைவரும், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்த நீண்ட வரிசையில் ஒருவராகவே காணப்படுவார். இந்நாட்டின் நனிசைவ வாதம் கூர்மை பெறக்கூடிய இடம் பால். ஏனெனில் அது புனிதமெனப் போற்றப்படும் பொருளைக் கேள்வி கேட்கிறது. அங்கும் எதிரே நிற்பவர்கள் ஓரிரு மாடுகளை நம்பி வாழும் கோடிக்கணக்கான குடும்பங்கள்.

தமிழில் ‘மறியல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தமிழ்நாட்டில் அது வழிமறித்துப் போராடுவதைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழிலோ அது காவலில் வைக்கப்படுவதைக் குறிக்கும். விசாரணைக் கைதிகளின் காவல் அங்கே ‘விளக்கமறியல்’. மறிப்பவரும் மறிக்கப்படுபவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றனர். கடைவாசல் போராட்டங்களுள் காலத்தைக் கடந்து மதிப்புப் பெற்றவற்றில் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைந்திருந்தன: வழியை மறித்தவரே அதன் விலையையும் கொடுத்தார். பால் கொட்டிய இளைஞர்களின் நோக்கத்தை எதிர்காலம் ஏற்கக்கூடும். தொழுவத்தில் நிகழும் துன்பம் உண்மையானது, அதைப் பற்றிப் பேச யாரேனும் வாய் திறக்கவே வேண்டும். ஆனால் அந்தத் துன்பத்தின் கணக்கை, மணிக்கூலிக்குத் தரை துடைப்பவரிடமோ அன்றைய கறியை அன்றே விற்றாக வேண்டிய சிறுகடைக்காரரிடமோ தீர்க்க முயலும்வரை, பொதுமக்கள் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தைத்தான்; கன்றின் முகத்தை அல்ல.