வன்முறையும் களப்பயிற்சியும்: விகாரியோ ஜெரால் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

இளைஞரிடையே வன்முறையைத் தடுத்தல் பற்றிப் பேசுவோர் பலர் அதனை ஒழுக்கப் பிரச்சினையாகவே கொள்வர். தீய நட்பு, கட்டற்ற சினம், பெற்றோரின் கவனமின்மை என்பன காரணங்களாகக் கூறப்படும். அறிவுரை பரிகாரமாக முன்வைக்கப்படும். இந்நோக்கு வன்முறையை அதன் வரலாற்றினின்றும் பிரித்துவிடுகின்றது. பிறேசிலின் றியோ டி ஜனீரோ நகரில் 1993 இல் தோன்றிய இளைஞர் களப்பயிற்சிகள் இவ்வகையில் ஆழ்ந்து நோக்கற்பாலன.

பிறேசிலில் அடிமைமுறை 1888 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு நிலம் வழங்கப்படவில்லை. அவர்தம் சந்ததியினரும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளரும் நகரின் குன்றுகளிலும் புறவெளிகளிலும் குடிசையிட்டனர். பவேலா எனப்படும் இக்குடியிருப்புகள் நகருக்கு மலிவான உழைப்பை அளித்தன. கல்வி, சுகாதார வசதிகள் அவற்றை அரிதாகவே எட்டின. 1980களில் கொக்கெயின் வணிகம் இங்கு வேரூன்றியபோது, வேலையற்ற சிறுவருக்குக் கூலி கொடுக்க முன்வந்தது அதுவே. அரசு பெரும்பாலும் பொலிஸ் வடிவிலேயே அவர்களிடம் வந்தது.

1993 ஆகஸ்ட் 28 இல் விகாரியோ ஜெரால் என்னும் பவேலாவுக்கு அருகே பொலிஸார் நால்வர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு, பழிவாங்கும் நோக்குடன், முகமூடியணிந்த ஆயுதபாணிகள் அக்குடியிருப்பினுள் புகுந்து 21 பேரைக் கொன்றனர். வந்தோரும் பொலிஸாரே. மாண்டவர்கள் போதைவணிகத்துடன் தொடர்பற்ற சாதாரண குடியிருப்பாளர். ஒரே வீட்டில் மாத்திரம் எண்மர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் கறுப்பினப் பண்பாடு பற்றிய செய்தித்தாளொன்றை வெளியிடத் தொடங்கியிருந்த அப்ரோறெகே குழுவினர், இப்படுகொலையின் பின் அங்கு சென்று முரசு, நடனம், கப்போயிரா முதலியவற்றிற் பட்டறைகளை நடத்தினர். இவற்றுள் கப்போயிரா அடிமைகளிடையே உருவாகி, 1890 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையினாற் குற்றமாக்கப்பட்ட கலை என்பது மனங்கொளத்தக்கது. போதைவணிகம் சிறுவனுக்குப் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. மதிப்பையும், ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வையும் கொடுத்தது. அவ்வுணர்வுக்கான மாற்றுக்களத்தைப் பட்டறை அமைத்தது. முரசடிக்கும் குழுவில் ஒருவன் தாளந் தவறினால் அனைவருந் தவறுவர். பாதுகாப்பு என்பது தனியொருவனின் முன்னெச்சரிக்கையால் மாத்திரம் அமைவதன்று, கூட்டாக ஆக்கிக்கொள்ளப்படுவது என்பதைச் சிறுவர் செயலினூடாகவே கற்றனர் எனலாம்.

2004 இல் இம்முயற்சி மேலும் ஒருபடி சென்றது. பெலோ ஹொறிசொன்ரே நகரிற் பொலிஸாருக்கே பட்டறைகள் நடத்தப்பட்டன. பவேலா இளைஞர் ஆசிரியராயினர், பொலிஸார் மாணவராயினர். அதிகார உறவு அங்கே தற்காலிகமாகவேனும் தலைகீழாயிற்று.

தற்காலிகமாக என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். 2021 மே மாதத்தில் றியோவின் ஜக்கறெசின்யோ பவேலாவில் நிகழ்ந்த பொலிஸ் நடவடிக்கையொன்றில் 28 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பொலிஸ் உத்தியோகத்தர். பட்டறைகள் பல சிறுவரைத் துப்பாக்கியினின்றும் விலக்கின. துப்பாக்கியை அவர்கள் வாசலுக்குக் கொணர்ந்த சமூக அமைப்பை அவை மாற்றவில்லை. மாற்றும் வல்லமை கலைக்குத் தனித்து உண்டென எதிர்பார்ப்பது கருத்துமுதல்வாதமாகும். அதே வேளை, அமைப்பு மாறும்வரை பட்டறைகள் பயனற்றவை என்பாரின் வாதம் வரட்டுத்தனமானது. அமைப்பை மாற்றவேண்டியோர் முதலில் உயிருடன் இருத்தல் வேண்டும்; ஒருவரோடொருவர் இணைந்து இயங்கப் பழகியும் இருத்தல் வேண்டும். விகாரியோ ஜெரால் பட்டறைகளின் வரலாற்று முக்கியத்துவம் இவ்விடத்தேயே தங்கியுள்ளது.