மூச்சுக் கணக்கு: தங்கவயலும் நம்ம நுரையீரலும்

தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. கோலார் தங்கவயலில் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் எடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆழத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டரைத் தாண்டியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனா உள்ளே இறங்கினவங்க எத்தனை பேர் மூச்சு முட்டிச் செத்தாங்க? அதுக்கு மட்டும் கணக்கு கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூச்சிரைப்புக்குக் காரணம் என்று மருத்துவம் இரண்டு பட்டியல் தருகிறது. ஒன்று சுற்றுப்புறம்: தூசி, புகை, விறகடுப்பு, ஈரச் சுவர், பூஞ்சை. மற்றது ஆளைச் சேர்ந்தது: பரம்பரை, பீடி சிகரெட், உடல் பருமன், சின்ன வயசில் வந்த நெஞ்சுச் சளி. இரண்டு பட்டியலும் பொய்யில்லை. பீடி நுரையீரலைக் கெடுக்கும். கல் தூசியோடு சேர்ந்தால் இன்னும் கெடுக்கும். ஆனால் எந்தத் தூசியில் யார் நிற்கணும், எந்தப் புகையில் யார் சமைக்கணும், யார் வீட்டுச் சுவர் ஈரமாக இருக்கணும் என்று முடிவு செய்வது எது? அதை ஒரு காரணியாக எந்தப் பட்டியலும் எழுதவில்லை. நாம் அதைப் பெயர் சொல்லி எழுதுவோம்: சாதி.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்தது. பூமிக்கடியில் இறங்க ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து சனங்க கிளம்பினாங்க. வேறு சாதியாரும் போனார்கள். ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கின உழைப்பாளிகளில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். ஊரில் ஆண்டை முன்னால் மேல்துண்டு போட முடியாதவனுக்கு அங்கே மாசக் கூலி கிடைத்தது. 'நான்' என்று நிமிர்ந்து சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை எழுந்தது. அவருக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே திரும்ப வந்தது. நம் அச்செழுத்தின் வரலாற்றில் சுரங்கக் கூலியின் காசு கலந்திருக்கிறது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

அந்தக் காசுக்குக் கொடுத்த விலை என்ன? தங்கம் அங்கே மண்ணில் கிடக்கவில்லை. வெள்ளைக்கல் என்று சொல்கிற குவார்ட்ஸ் பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடுகிறது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. மெஷின் வைத்துத் துளை போடும்போதும், வெடி வைக்கும்போதும் அந்தப் பாறை தூளாகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக் கொள்ளும், காறித் துப்பிவிடலாம். ஒரு மில்லிமீட்டரை இருநூறாக வகுத்த அளவுக்கும் சின்னதான தூசிதான் ஆளைக் கொல்வது. அது நுரையீரலின் கடைசிப் பைகள் வரை போகிறது. அதை விழுங்க வருகிற உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கிவிட்டுச் செத்துப் போகின்றன. செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்குகிறது, மருந்து கொடுத்தால் திரும்ப விரிகிறது. இது விரியாது. இதற்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்தில்லை. இந்த நுரையீரலில் காசநோயும் சுலபமாக வந்து குடியேறும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். வேலையை விட்ட பிறகும் உள்ளே வளர்ந்து கொண்டே இருக்கும். சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவன் சாவு சுரங்கத்தின் பதிவேட்டில் ஏறும். மூச்சு முட்டிச் செத்தவனோ சொந்த ஊருக்குத் திரும்பி, திண்ணையில் குந்தியபடி செத்தான். அந்தச் சாவு எந்தப் பதிவேட்டில் ஏறும்? ஊரில் அதுக்குப் பேர் 'இழுப்பு', 'டி.பி.', இல்லாட்டி 'வயசாச்சு'. கணக்கு காணாமல் போனது இப்படித்தான்.

குடியாத்தம் பக்கத்துச் சேரியிலிருந்து போய் அங்கே மெஷின் பிடித்தவர் என் தாத்தா. கடைசிக் காலத்தில் அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடியக் கிடப்பார். டவுன் டாக்டர் ஒருத்தர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "பீடி குடிப்பியா?" தாத்தா தலையாட்டினார். முடிந்தது. சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார். "என்ன வேலை பார்த்தே?" என்று கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வி ஒன்றும் புதுசில்லை. 1700இல் இத்தாலி மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய புத்தகத்தில், நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் என்ன என்று கட்டாயம் கேட்கணும் என்று எழுதினார். முந்நூறு வருஷமாகியும் அந்தக் கேள்வி சேரிக்கு வந்து சேரவில்லை. பீடியைக் கேட்டால் குற்றம் ஆளின் தலையில் விழும். தொழிலைக் கேட்டால் குற்றம் வேறெங்கோ போகும். ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதிலும் அரசியல் உண்டு.

தூசி கொல்லும் என்பது அந்தக் காலத்தில் தெரியாதே என்று சிலர் சொல்லக்கூடும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டெய்லர் குடும்பத்தின் சுரங்கத் தொழில் வளர்ந்தது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில். தங்கவயலுக்கும் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். அதே கார்ன்வாலில் சுரங்கத் தொழிலாளரின் சாவுகளை ஆராய்ந்த ஹால்டேன் குழு 1904இல் அறிக்கை கொடுத்தது. டிரில் மெஷின் பிடித்தவர்கள் இளவயதில் சாகிறார்கள், காரணம் கல் தூசி, தண்ணீர் விட்டுத் தூசியை அடக்கணும் என்றது. தென்னாப்பிரிக்காவில் 1911இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அங்கேயும் வெள்ளைத் தொழிலாளிக்கு ஒரு கணக்கு, கறுப்புத் தொழிலாளிக்கு வேறு கணக்கு. 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்த நோய்க்காகவே சர்வதேச மாநாடு கூடியது. மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது 1940இல். 1904க்கும் 1940க்கும் நடுவில் 36 வருஷம். அந்த 36 வருஷமும் யாருடைய நெஞ்சுக்குள் இறங்கியது?

1930இல் தங்கவயலில் இன்னொன்றும் நடந்தது. தொழிலாளர் அத்தனை பேரும் கைரேகை பதியணும் என்றார்கள். தங்கம் களவு போகுதாம். நம்ம சனங்க மறுத்தாங்க. ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கட்டை விரலைப் பதிந்து வைக்க அவசரப்பட்டவர்களுக்கு நெஞ்சைப் படமெடுத்துப் பதிந்து வைக்க அவசரமில்லை. தலித் உடம்பை அதிகாரம் எப்படிப் பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த உடம்பு திருடக்கூடியது, அதனால் கண்காணிக்கணும். அது நோகக்கூடியது என்பது கணக்கிலேயே இல்லை. 1940களில் ஒருவழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. அதற்கு முன்னால் அறுபது வருஷம் சுரங்கம் ஓடியிருக்கிறது.

1956இல் சுரங்கம் அரசுடைமை ஆனது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வந்தது. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் விடியலில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்களானார்கள். சுரங்கம் மூடினாலும் தூசி மூடவில்லை. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மூன்று கோடி டன்னுக்கு மேல். அதுதான் சயனைடு மேடுகள். மேடுகளைச் சுற்றித்தான் லைன் வீடுகள். கோடைக் காற்றில் அந்தத் தூள் சோற்றிலும் படுக்கையிலும் விழுகிறது. சயனைடு என்ற பேரைக் கேட்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். சயனைடு வெயிலில் மெல்லச் சிதைகிற சரக்கு. சிலிக்கா எத்தனை வெயிலடித்தாலும் சிதையாது.

இந்த மேடுகள் பதின்மூன்றில் மிச்சத் தங்கத்தைத் தோண்டும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்கும் என்று சனங்க எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது வேறு. கிளறுகிற தூளை எப்படி அடக்குவீர்கள்? வேலைக்குச் சேரும் நாளிலும், பிறகு வருஷா வருஷமும் நெஞ்சுப் படம் எடுப்பீர்களா? ஒப்பந்தக் கூலிக்கும் எடுப்பீர்களா? வேலையை விட்டு இருபது வருஷம் கழித்து நோய் வந்தால் பொறுப்பு யாருடையது? ராஜஸ்தானில் கல் உடைக்கும் தொழிலாளர்கள் விடாமல் போராடியதால் 2019இல் அங்கே இந்த நோய்க்கென்றே மறுவாழ்வுக் கொள்கை வந்தது. கேட்டால்தான் வரும்.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சேரிகளில் பழைய டிரங்குப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அதில் சுரங்க வேலைச் சீட்டு இருக்கும், பி.எப். காகிதம் இருக்கும், மடங்கிப்போன எக்ஸ்ரே இருக்கும். கிழவிகளிடம் போய் உட்காருங்கள். எந்த ஷாப்டில், என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த வயசில் இரைப்பு வந்தது, எப்போது செத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். நூறு வீடு சேர்ந்தால் அது ஆவணம். ஆயிரம் வீடு சேர்ந்தால் அது வழக்கு. 800 டன்னுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு அதுதான்.